கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை: எஸ்எஸ்எச் பேக்கப் எங்கே அறுகிறது?

வேறொரு சர்வரோடு மறையாக்கிப் பேசும் எஸ்எஸ்எச் வழியாகத் தரவை நகலெடுக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட், பகலில் டெர்மினலில் தட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான், அதையே இரவு 2 மணிக்கு ஓட்டினால் நின்றுபோகிறது. ஸ்கிரிப்டில் ஓரெழுத்துகூட மாறவில்லை. மாறியிருப்பது அது ஓடும் சூழல்.

நீங்கள் லாகின் செய்யும்போது ஷெல் உங்கள் அமைப்புக் கோப்புகளைப் படிக்கிறது, கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளின் பட்டியலான பாத் மாறியை நிரப்புகிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் பயன்படுத்தும் சாவிக் கோப்பின் கடவுச்சொற்றொடரை ஏற்கெனவே கொடுத்திருந்தால், எஸ்எஸ்எச் ஏஜென்ட் அந்தச் சாவியை நினைவில் வைத்திருக்கும். ஏதாவது கேட்கவேண்டுமென்றால் கேட்பதற்கு எதிரே டெர்மினலும் ஆளும் இருக்கிறார்கள். கிரானுக்கு இவை எதுவுமில்லை. பல லினக்ஸ் அமைப்புகளில் அதன் பாத் மாறியில் இரண்டே அடைவுகள்தான் இருக்கும். ஏஜென்டின் முகவரி அதற்குத் தெரியாது. கடவுச்சொற்றொடர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆகவே, கிரானில் ஸ்கிரிப்ட் தோற்ற நிலைமையை அப்படியே உண்டாக்கிச் சோதிப்பதே முதல் வேலை. கிரான் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனராக மாறுங்கள். 'என்வ்' கட்டளையை 'ஐ' கொடியோடு ஓட்டினால் சூழல் மாறிகள் அனைத்தும் துடைக்கப்படும். ஹோம், பாத் இரண்டை மட்டும் கையால் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். எஸ்எஸ்எச் கட்டளையில் பேட்ச்மோட் என்ற விருப்பத்தை 'யெஸ்' என்று வையுங்கள். அப்போது எஸ்எஸ்எச் எதையும் கேட்டுக் காத்திராமல் உடனே பிழை சொல்லி வெளியேறும். சாவிக் கோப்பின் முழுப் பாதையையும் கட்டளையிலேயே எழுதிவிடுங்கள்.

கிரானுக்கே உரிய பொறி இன்னொன்று உண்டு. கிரான் ஓட்டவேண்டிய வேலைகளின் பட்டியலான கிரான்டேப்பின் வரியில் சதவீதக் குறி வந்தால், அதைப் புதுவரி என்று எடுத்துக்கொண்டு, முதல் குறிக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பிவிடும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்க 'டேட்' கட்டளையைச் சதவீதக் குறிகளோடு நேரே அந்த வரியில் எழுதுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குறிக்கு முன் பின்சாய்வுக் கோடு போடலாம். அந்த வேலையை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிடுவது அதைவிட நல்லது.

இதற்குப் பின்னும் ஓடவில்லையென்றால் இணைப்பைப் படிப்படியாகப் பார்க்கவேண்டும். எஸ்எஸ்எச் கட்டளையில் 'வி' கொடியை மூன்று முறை சேர்த்தால் ஒவ்வொரு படியையும் அது சொல்லிக்கொண்டே போகும்: இரு கணினிகளுக்கிடையே அடிப்படையான டிசிபி இணைப்பு, மறையாக்கத்துக்கான சாவிப் பரிமாற்றம், சர்வரை அடையாளம் காண்பது, பயனரை அடையாளம் காண்பது, கடைசியாகக் கட்டளை. எந்தப் படியில் பேச்சு நின்றது என்பதே பாதி விடை. கட்டளை முடியும்போது தரும் வெளியேறு எண் 255 என்றால் பிழை எஸ்எஸ்எச் இணைப்பில் என்று கொள்ளலாம். வேறு எண்ணென்றால் இணைப்பு கிடைத்து, அந்தப் பக்கம் ஓடிய கட்டளை திருப்பித் தந்த எண் அது.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் எதிர்முனை பதில் சொல்லியிருக்கிறது. 22ஆம் போர்ட்டில் கேட்க ஆளில்லை, அல்லது ஃபயர்வால் வெளிப்படையாக மறுத்திருக்கிறது. நீண்ட நேரம் காத்து 'டைம்டு அவுட்' என்று வந்தால் பாக்கெட்டுகள் வழியில் சத்தமின்றிக் கைவிடப்படுகின்றன. டிசிபி இணைப்பு கிடைத்தபின் சாவிப் பரிமாற்றத்தில் போய் உறைந்து நின்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அனுமதித்த அதிகபட்ச அளவைச் சந்தேகியுங்கள். சிறிய பாக்கெட்டுகள் போய்விடுகின்றன, பெரியவை ஏதோ ஒரு விபிஎன் சுரங்கத்தில் விழுந்து காணாமல் போகின்றன. துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கு 28 பைட் சேர்ந்தால் மொத்தம் 1500. அது போகாமல் 1400 போனால் காரணம் கிடைத்துவிட்டது. இடைமுகத்தின் எம்டியூவைக் குறையுங்கள்.

சில இரவுகளில் மட்டும், சாவிப் பரிமாற்றம் தொடங்கும் முன்பே சர்வர் துண்டிக்கிறதா? பேக்கப் சர்வரின் மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் அமைப்பைப் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு 10:30:100. இன்னும் அடையாளம் உறுதியாகாத இணைப்புகள் 10 ஆனதும் புதியவற்றை 30 சதவீத வாய்ப்பில் உதறத் தொடங்கி, 100 ஆனால் எல்லாவற்றையும் மறுக்கும். நாற்பது சர்வர்கள் சரியாக 2 மணி 0 நிமிடத்துக்கு வந்து கதவைத் தட்டினால் சில வெளியே நிற்கத்தான் வேண்டும். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தொடக்கத்திலும் சில நிமிட அளவில் தற்செயலான தாமதம் வைத்தால் தீரும்.

சர்வரை அடையாளம் காணும் படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மிகத் தவறான தீர்வு பரவலாகச் சொல்லப்படுவது இங்கேதான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யுலோனன் எஸ்எஸ்எச்சை எழுதியதே, அங்கே வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதால்தான். அதனால் சர்வரும் தன்னை நிரூபிக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. சர்வரை மறுபடி நிறுவினால், அது தன்னை நிரூபிக்கக் காட்டும் ஹோஸ்ட் சாவி மாறும். முன்பு ஏற்றுக்கொண்ட ஹோஸ்ட் சாவிகளை உங்கள் பக்கத்தில் வைத்திருக்கும் நோன்ஹோஸ்ட்ஸ் கோப்பில் உள்ள பழைய சாவியோடு பொருந்தாமல் இணைப்பு மறுக்கப்படும். அந்தக் கோப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனி என்பதையும் மறக்கவேண்டாம். நீங்கள் உங்கள் பெயரில் 'யெஸ்' சொல்லியிருப்பீர்கள், கிரான் ரூட் என்ற நிர்வாகிப் பயனராக ஓடலாம். இந்தச் சோதனையையே அணைத்துவிடுவது பேக்கப்புக்கு ஆகவே ஆகாது. போலி சர்வர் எந்தச் சாவியைக் காட்டினாலும் உங்கள் எஸ்எஸ்எச் சரியென்று ஏற்றுக்கொள்ளும், நீங்கள் அனுப்பும் தரவு முழுவதையும் அந்தச் சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளும். சர்வரின் கன்சோலில் ஹோஸ்ட் சாவியின் கைரேகை என்ற சுருக்க அடையாளத்தைப் பார்த்து, எஸ்எஸ்எச் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் மட்டும், எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் பழைய வரியை நீக்கிப் புதியதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

'பெர்மிஷன் டினைட்' வந்தால் உங்கள் பக்கத்து லாகை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது. அந்நியருக்கு உதவாதிருக்க, சர்வர் வேண்டுமென்றே காரணத்தைச் சொல்வதில்லை. அது சர்வரின் லாகில் இருக்கும். பெரும்பாலும் அனுமதிகள்தான்: சர்வரில் உள்ள டாட்-எஸ்எஸ்எச் அடைவு 700, அனுமதித்த சாவிகளைக் கொண்ட ஆதரைஸ்டுகீஸ் கோப்பு 600 (இரண்டும் உரியவருக்கு மட்டும்), ஹோம் அடைவில் மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இருக்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று நின்றதா? 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்எச்ஏ-1 என்ற பழைய வகைக் கையொப்பத்தோடு வரும் ஆர்எஸ்ஏ சாவிகளை இயல்பாக ஏற்பதில்லை. இருமுனையும் புதியதென்றால் பழைய ஆர்எஸ்ஏ சாவியே எஸ்எச்ஏ-2 கையொப்பத்தோடு வேலை செய்யும். ஒருமுனை மிகப் பழையதென்றால்தான் இடிக்கும். அதை மேம்படுத்துவதே முறை.

உள்ளே நுழைந்தபின் வருவது, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க். தொடங்கியதுமே 'உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா' என்ற பொருளில் அது பிழை காட்டினால், எதிர்முனையில் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் யாரோ வரவேற்பு வரி அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எழுத்துகளை ஆர்சிங்க் தன் நெறிமுறையின் பகுதி என்று நினைத்துக் குழம்புகிறது. வெளியேறு எண் 24 என்றால் நகலெடுக்கும்போதே சில கோப்புகள் மறைந்தன. இயங்கும் சர்வரில் இது இயல்பு. 23 அப்படியல்ல. சில கோப்புகள் போகவேயில்லை, பெரும்பாலும் படிக்கும் அனுமதி இல்லாததால். இரண்டையும் ஒரே மாதிரி மன்னிக்கும் ஸ்கிரிப்ட் ஆபத்தானது. 12 வந்தால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கலாம், எதிர்முனையில் டிஸ்க் நிரம்பியிருக்கலாம். இடம் இருந்தும் 'இடமில்லை' என்று வந்தால் கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் ஐநோடுகள் தீர்ந்துவிட்டனவா என்று 'டிஎஃப்' கட்டளையில் 'ஐ' கொடியோடு பாருங்கள்.

பெரிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடும்போது வயரில் நெடுநேரம் எதுவும் ஓடாது. நடுவிலுள்ள ரவுட்டர் இணைப்பு செத்துவிட்டது என்று தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று வைத்தால் நிமிடத்துக்கொருமுறை சிறு செய்தி போய் இணைப்பை உயிரோடு வைக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பிழை காட்டி நின்றவை. பிழையே காட்டாமல் தோற்பவை வேறு.

தரவுத்தளத்தின் முழு நகலை (டம்ப்) எடுத்து, ஜிஜிப்பில் சுருக்கி, எஸ்எஸ்எச் வழியாக எதிர்முனைக் கோப்பில் எழுதும் குழாய்த்தொடரை, அதாவது ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகும் கட்டளை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். டம்ப் முதல் நொடியிலேயே கடவுச்சொல் தவறி நின்றாலும், தொடரின் விளைவாக ஷெல் பார்ப்பது கடைசிக் கட்டளையான எஸ்எஸ்எச்சின் எண்ணை மட்டும்தான். அது 0, அதாவது வெற்றி. எதிர்முனையில் இன்றைய தேதியோடு ஒரு கோப்பு இருக்கும். அளவு 20 பைட். வெறும் உள்ளீட்டைச் சுருக்கினால் ஜிஜிப் தரும் அளவு அது. ஜிஜிப்பின் சரிபார்ப்பிலும் தேறிவிடும், ஏனென்றால் முறையான கோப்புதான், உள்ளே ஒன்றுமில்லை. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பேஷ் என்று குறித்து, தொடரில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் விருப்பத்தை இயக்குங்கள். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, தொடர் முழுவதும் வென்றால் மட்டும் தனி எஸ்எஸ்எச் கட்டளையால் பெயரை மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல் டம்ப் என்றால் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வர்களின் பட்டியலை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்எச் ஓட்டும் சுழற்சியில், முதல் சர்வர் மட்டும் பேக்கப் ஆகி ஸ்கிரிப்ட் அமைதியாக முடிந்துவிடும். எஸ்எஸ்எச் தன் உள்ளீட்டிலிருந்து மிச்சப் பட்டியலை விழுங்கிவிட்டது. எஸ்எஸ்எச்சுக்கு 'என்' கொடி கொடுத்தால் போதும்.

எல்லாவற்றிலும் கொடியது, மூல டிஸ்க் தன் அடைவோடு இணையாத, அதாவது மவுன்ட் ஆகாத இரவில், மூலத்தில் இல்லாததை எதிர்முனையிலும் அழிக்கும் 'டிலீட்' விருப்பத்தோடு ஆர்சிங்க் ஓடுவது. படிக்கும்போது பிழை வந்தால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்திவிடும். ஆனால் மவுன்ட் ஆகாத அடைவு பிழையில்லை, வெறுமையான அடைவு. எதிர்முனையும் அதேபோல் வெறுமையாக்கப்படும். ஓடுமுன் 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் சோதியுங்கள், 'மேக்ஸ்-டிலீட்' விருப்பத்தால் அழிக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு போடுங்கள். நேற்றைய ஓட்டம் முடியுமுன் இன்றையது தொடங்காமலிருக்க 'எஃப்லாக்' பயன்படுத்துங்கள்.

தோற்றால் மின்னஞ்சல் அனுப்பு என்று எழுதிய ஸ்கிரிப்ட், ஓடாமலே போனால் அதையும் அனுப்பாது. ஆகவே பேக்கப் சர்வரிலேயே தனியாக ஒரு சோதனை வேண்டும்: கடைசிக் கோப்பின் வயது 26 மணி நேரத்தைத் தாண்டினாலோ, அளவு முந்தைய நாள் அளவில் பாதிக்கும் கீழே போனாலோ அது கத்தவேண்டும். மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில், அந்தக் கோப்பிலிருந்து தரவுத்தளத்தை எழுப்பி வரிசைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்துவையுங்கள்.