துடிக்கும் இதயத்தில் ஒரு கிள்ளல்

மாற்று இதயம் பொருத்தப்பட்டவரின் உடல் அதை அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்கினால், ஆரம்பத்தில் அவருக்கே ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கிய பிறகு விழித்துக்கொண்டால், அதற்குள் தசை சேதமாகியிருக்கும். அதனால்தான் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்திலிருந்தே துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கிறார்கள். கிள்ளும் கருவி பயாப்டோம்.

சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள, வளைந்துகொடுக்கும் நீண்ட குழல். நுனியில், கூரிய விளிம்புள்ள கிண்ணம் போன்ற இரு தாடைகள். கைப்பிடியை இயக்கினால் குழலுக்குள் ஓடும் கம்பி தாடைகளைத் திறக்கும், மூடும். 1962இல் ஜப்பானில் சகாகிபாராவும் கொன்னோவும் இப்படியொரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கேவ்ஸும் ஷுல்ஸும் அதைத் திருத்தியமைத்தார்கள். கழுத்துச் சிரையில் ஊசித் துளை போட்டு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அதே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் சோதனை செய்ய முடிந்தது. இதய மாற்று சிகிச்சை நிலைபெற இது பெரிதும் துணைநின்றது.

எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, மருத்துவர் கருவியை வலது மேலறை வழியாக, மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்குள் இறக்குகிறார். எங்கே கடிப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது. கீழறையின் வெளிச்சுவர் சில மில்லிமீட்டர்தான். அது துளைபட்டால் ரத்தம் இதய உறைக்குள் கசிந்து இதயத்தையே நெருக்கிவிடும். எனவே நுனியைத் தடித்த இடைச்சுவரை நோக்கித் திருப்புகிறார்கள். நுனி சுவரைத் தொட்டதும் ஈசிஜியில் தாளம் தப்பிய துடிப்புகள் தோன்றும். இதயத்தின் அசைவு கைக்கும் எட்டும். சற்றே பின்வாங்கி, தாடையைத் திறந்து, முன்நகர்த்தி, மூடி, மெல்ல இழுக்கிறார்கள். நோயாளிக்குப் பெரும்பாலும் வலிக்காது, லேசான இழுப்பு மட்டும் தெரியலாம். சதை அளவுக்கு மீறி முரண்டினால் பிடியை விட்டுவிட வேண்டும். எனக்கு இந்தச் சிகிச்சையறையில் மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது அந்த விட்டுக்கொடுக்கும் கைதான்.

கிடைப்பது எள்ளளவு சதை. அதை இடுக்கியால் பிடித்தால் செல்கள் நசுங்கிவிடும். ஊசிமுனையால் மெதுவாக எடுத்து, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடுகிறார்கள். ஃபார்மலினும் குளிர்ந்திருக்கக் கூடாது; குளிர்ச்சியில் தசை சுருங்கி, இல்லாத நோயைக் காட்டும். நிராகரிப்பு, அதாவது மாற்று இதயத்தின் மீது உடல் தொடுக்கும் தாக்குதல், திட்டுத்திட்டாகப் பரவுவதால், வெவ்வேறு புள்ளிகளில் நான்கைந்து துணுக்குகள் எடுக்கிறார்கள்.

நுண்ணோக்கியில், தசை இழைகளுக்கிடையே எவ்வளவு வெள்ளணுக்கள் புகுந்திருக்கின்றன, இழைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பார்த்து 0ஆர் (நிராகரிப்பு இல்லை) முதல் 3ஆர் (கடுமையான நிராகரிப்பு) வரை தரமிடுகிறார்கள். 2ஆர் தொட்டுவிட்டால் பொதுவாக, உடலின் தாக்குதலை அடக்கும் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கும். இப்போது, மாற்று இதயத்தின் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் கொடையாளரின் டிஎன்ஏவை அளந்தே பலரை இந்தச் சோதனையிலிருந்து தப்பவைக்கிறார்கள்; அந்த அளவு கூடினால் மறுபடியும் பயாப்டோம்.