ஊஞ்சல் அடுப்பா, சூட்டுறியா?

இந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது தடவை. ஜெர்மனியில் சமைத்துக் காட்டும் வீடியோக்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர்கள், 'ஷ்வெங்கர்' என்ற இறைச்சி சுடும் கருவியின் பெயர் வந்ததும் 'ஊஞ்சல் அடுப்பு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுப்பு எங்கே ஆடுகிறது? தீ தரையில் கிடக்கிறது. ஆடுவது மேலே தொங்கும் கம்பித்தட்டு.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. 'ஷ்வெங்கன்' என்றால் ஆட்டுதல், ஆட்டுவது ஷ்வெங்கர். வழங்கும் இடம் பிரான்ஸ் எல்லையை ஒட்டிய சார்லாந்து. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையுமாக வாழ்ந்த சீமை அது. ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1986இல் நின்றது, கடைசிச் சுரங்கம் 2012இல் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர் குடும்பங்களின் முற்றத்தில் ஷ்வெங்கர் மட்டும் ஓயவில்லை. மூன்று இரும்புக் கால், உச்சியில் சங்கிலி, சங்கிலியில் வட்டத் தட்டு, கீழே பீச் (beech) மர விறகு, தட்டில் வெங்காயமும் பூண்டும் போட்டு ஊறவைத்த பன்றிக் கழுத்திறைச்சி. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தட்டை ஒரு தள்ளு, கறி கரியாது. கருவிக்கும் கறிக்கும் தள்ளிவிடும் ஆளுக்கும் ஒரே பெயர்.

இனி ஊஞ்சலுக்கு வருவோம். ஊஞ்சல் முன்னும் பின்னுமாக ஆடும், அவ்வளவுதான். மூன்று சங்கிலி ஒரே கொக்கியில் கூடுகிற தட்டு எந்தப் பக்கமும் போகும், வட்டமும் சுற்றும். இப்படி ஒன்றைத் தமிழன் பார்த்ததே இல்லையா? தக்கலையில் எங்கள் பழைய வீட்டு அடுக்களையில் உத்திரத்திலிருந்து ஒரு உறி தொங்கியது. நேற்றைய மீன்குழம்புச் சட்டியை ஆச்சி அதில்தான் வைப்பாள். கைபட்டால் சட்டி மெல்ல வட்டமிடும், கீழே பூனையின் தலையும் கூடவே சுற்றும். அமைப்பு அதேதான், கயிற்றுக்குப் பதில் சங்கிலி. எனவே சூடு, உறி இரண்டும் சேர்ந்து சூட்டுறி. ஆளுக்குச் சூட்டுறிக்காரர்.

'உறி இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது' என்று ஒரு நண்பர் மறுத்தார். ஆண்டுதோறும் கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி பார்க்கிற பிள்ளைகளுக்கா தெரியாது? இன்னொருவர் 'அனலூசல்' என்றார். தூய தமிழ்தான், ஆனால் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சாமான் போல ஒலிக்கிறது. பக்கத்துத் தெருவில் கிடக்கும் சொல்லை எடுக்கக் கூச்சப்பட்டு அகராதியைக் குடைவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழகிவிட்டது.

கறிக்குப் புதுச்சொல்லே வேண்டாம், சுட்டிறைச்சி போதும். 'பார்பிக்யூ' கரீபியன் தீவுகளில் மரச்சட்டத்துக்கு இருந்த பெயர், ஸ்பானியர் வழியாக வந்தது. அதை நாகர்கோவில் கடைப்பலகையில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். சங்க நூலான பொருநராற்றுப்படை 'காழின் சுட்ட' என்கிறது. காழ் என்றால் இரும்புக் கம்பி. ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை முடிந்தவர்கள் கனலில் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைப் புதைத்து, கரிந்த தோலை உரித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியில் தொட்டுத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் அது 'சுட்ட கெழங்கு'தான்.

போன டிசம்பரில் சார்லாந்திலிருந்து லீவில் வந்த என் மருமகனுக்கு இங்கேயும் ஒன்று வேண்டுமென்று ஆசை. மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். வீடியோவில் கேட்ட பழக்கத்தில் அவன் 'ஊஞ்சல் அடுப்பு' என்றான். கொல்லர் வெல்டிங்கை நிறுத்திவிட்டு, "அதுல ஆரு இருந்து ஆடப் போறது?" என்று கேட்டார். "மூணு காலு, நடுவுல உறி மாதிரி தொங்கணும், அடியில தீ" என்றேன் நான்.

"சங்கிலி எத்தன அடி வேணும்?" என்றார்.