ஊசி பட்டால் கட்டி கிளம்பிவிடுமா?

ஸ்கேன் பார்த்துவிட்டு, மார்பிலுள்ள கட்டி சந்தேகமாக இருக்கிறது, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து (வரிசை வீடுகளிலிருந்து) வரும் பெண்கள் கேட்பது இதைத்தான்: "ஊசி பட்டா கட்டி கிளம்பிடும்னு லயத்துல சொல்றாங்களே டொக்டர்?" கிளம்பாது, அதாவது ஊசி பட்டதால் கட்டி பெருத்துப் பரவிவிடாது. அப்படிப் பயந்து பத்துப் போட்டு, கஷாயம் குடித்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மரத்துப்போக முதலில் ஒரு சின்ன ஊசி போடுவோம், சில விநாடி எரியும், அவ்வளவுதான். பிறகு ஸ்கேன் கருவியை மார்பில் வைத்துக்கொண்டே பயாப்சி ஊசியைச் சரிவாக விடுவோம். திரையில் அது வெள்ளைக் கோடாகத் தெரிவதால் நுரையீரல் பக்கம் போகாமல் கட்டிக்குள் மட்டும் நிறுத்தலாம். துண்டு எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆட்கள் துள்ளுவார்கள், அதனால் முன்கூட்டியே ஒரு தடவை வெறுமனே அடித்துக் காட்டிவிடுவேன். சேமியாத் துண்டு மாதிரி நாலைந்து எடுத்து சதை கெடாமல் வைக்கும் ஃபோர்மலின் போத்தலில் போடுவோம். தாழ்ந்தால் எனக்கு நிம்மதி. மிதந்தால் அது பெரும்பாலும் வெறும் கொழுப்பு, இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கும்.

"இதுக்கு ஒரேயடியா வெட்டி எடுத்துடலாமே?" என்பார்கள். இளம் பெண்களின் கட்டி பலசமயம் ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றுநோயல்லாத கட்டிதான், கத்தியே தேவைப்படாமல் போகலாம். புற்றுநோய் என்றாலும், அது பால் குழாய்க்குள்ளேயே இருக்கிறதா, வெளியே பரவியிருக்கிறதா, ஹோர்மோன் மருந்துக்குக் கேட்குமா, புற்றுநோயை வேகமாக வளரவைக்கும் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தத் துண்டிலிருந்தே தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் ஒப்பரேஷன் முதலிலா, மருந்து முதலிலா என்று முடிவெடுப்போம். மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுக்கும் தனித்தனிக் கலங்களை வைத்து இவ்வளவும் சொல்ல முடியாது.

அஸ்பிரின், வோர்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து குடிக்கிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். எடுத்த இடத்தைப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிப்போம், கன்றிப்போனால் தானாக மறையும். ஓரிரு நாளைக்குக் கொழுந்துக் கூடை தூக்க வேண்டாம்.

அப்புறம் ரிப்போர்ட். ஒரு நாள் பேர் (சம்பளம்) போய்விடுமே என்று வாங்க வராமல் விடுகிறவர்கள் உண்டு. நல்லதாக வந்தாலும் ஸ்கேனில் பார்த்ததோடு அது ஒத்துப்போகாவிட்டால் திரும்பவும் எடுக்க வேண்டும், அதற்காகவாவது உங்களைத் தேடுவோம். கொழும்பில் வேலை செய்யும் மகனின் நம்பரைத் தராமல், லயத்தில் உடனே எடுக்கக்கூடிய ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.