கடிதத்தில் உள்ள ஊரில் கல்லறையைத் தேடாதீர்கள்

என்னிடம் வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு கடிதம் இருக்கும். மடிப்பில் கிழிந்து, ஒட்டப்பட்டு, மறுபடியும் கிழிந்த காகிதம். ஜெர்மன் ராணுவத்தின் கம்பெனித் தளபதி ஒருவர் போர்க்காலத்தில் ஒரு விதவைக்கு எழுதியது. கணவர் இன்ன தேதியில் இன்ன ஊருக்கு அருகே களத்தில் மாண்டார், தலையில் குண்டு பாய்ந்ததால் வலி தெரியாமல் உயிர் பிரிந்தது என்று இருக்கும். அதை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, "இந்த ஊருக்குப் போனால் கல்லறையைப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள்.

இப்போதைக்குப் பயண டிக்கெட் வாங்காதீர்கள் என்பேன்.

ஜெர்மனியில் குடும்ப ஆவணத் தேடல்தான் என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர். அண்மைக் காலமாக, ஜெர்மானியக் குடும்பங்களில் சம்பந்தம் செய்த தமிழர்களும் வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த ஜெர்மன் படையினர் ஏறத்தாழ 53 லட்சம் பேர் என்பது வரலாற்றாய்வாளர்கள் சொல்லும் கணக்கு. எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் சீருடை அணிந்த ஓர் இளைஞனின் படம் கிடைப்பதில் வியப்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தம்பி வந்தார். மாமியாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை போரில் இறந்துவிட்டார். 1942 ஆகஸ்ட் 11 அன்று ரஷ்யாவின் ர்ஷேவ் நகருக்கு அருகே மாண்டார் என்றது கடிதம். "அக்கா, அம்மா ஒரு தடவையாவது அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். ர்ஷேவில் 2002-இல் திறந்த ஜெர்மன் போர்க்கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அங்கேதானே இருப்பார்?" என்றார். அந்தத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்களின் பட்டியலில் பெயர் இல்லை. காரணம் பின்னால் தெரிந்தது.

காயம்பட்ட இடம், உயிர் போன இடம், புதைத்த இடம் மூன்றும் வேறு வேறாக இருப்பதே வழக்கம். முன்னணியில் அடிபட்டவரைக் காயக்கட்டு நிலையத்துக்குத் தூக்கி வருவார்கள். அங்கிருந்து கள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது பல கிலோமீட்டர் பின்னால் இருக்கும். அங்கே இறந்தால் மருத்துவமனையை ஒட்டிய கல்லறையில் புதைப்பார்கள். பிறகு முன்னணி நகரும், அந்த ஊர் கைமாறும், மரச்சிலுவைகள் போய்விடும். தளபதிக்குத் தெரிந்ததெல்லாம் தன் ஆள் விழுந்த இடம் மட்டுமே. தலையில் குண்டு, வலியில்லாத சாவு என்ற வரியை எத்தனையோ கடிதங்களில் வாசித்துவிட்டேன். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மனைவிக்கு வேறு என்னதான் எழுதுவது? ஆனால் அந்த வரியைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

சான்று பெர்லினில் இருக்கிறது. போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னர், 1939 ஆகஸ்ட் 26 அன்று, படையினரின் இழப்புகளைப் பதிவு செய்ய ஓர் அலுவலகம் திறந்தார்கள். சுருக்கமாக 'வாஸ்ட்' என்பார்கள். யாருக்கு எந்த அடையாள வில்லை (படையினர் கழுத்தில் அணியும் உலோகத் தகடு) கொடுக்கப்பட்டது, யார் எந்தப் பிரிவுக்கு மாறினார், யார் எந்த மருத்துவமனையில் சேர்ந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்ற தகவல்கள் அங்கே வந்து குவிந்தன. அதன் மைய அட்டவணையில் மட்டும் சுமார் 1 கோடியே 80 லட்சம் அட்டைகள். 2019 முதல் அது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு. 1945 ஏப்ரல் 14 அன்று பொட்ஸ்டாம் நகர்மீது விழுந்த குண்டுகளில் ராணுவக் காப்பகம் எரிந்து, தரைப்படை ஆவணங்கள் ஏராளமாகச் சாம்பலாயின. அதனால்தான் இந்த அட்டைகளுக்கு இவ்வளவு மதிப்பு. முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் எழுதி விண்ணப்பியுங்கள். பதில் வரப் பல மாதங்கள் ஆகும். நடுவில் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்புவதில் பயனில்லை.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1919-இல் தொடங்கி, காசெல் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஃபோல்க்ஸ்புண்ட் என்ற போர்க்கல்லறைப் பராமரிப்புச் சங்கத்தின் இணையப் பெயர்ப்பட்டியலில் தேடலாம். கட்டணம் இல்லை, இதற்குப் போய் யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் கிடைக்கும் குறிப்பைச் சொல் சொல்லாக வாசிக்க வேண்டும். தொகுதி, வரிசை, கல்லறை எண் என்று இறுதி இடம் குறித்திருந்தால் பூவோடு போகலாம். 'தற்போது இன்னும் இவ்விடத்தில் இருக்கிறார்' என்று இருந்தால், போர்க்காலத்தில் புதைத்த இடத்தின் பெயர் மட்டும் தெரியும், உடலை இன்னும் எடுத்து மாற்றவில்லை என்று பொருள். போய்ப் பார்த்தால் அங்கே உருளைக்கிழங்கு வயல் இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம். 'பெயர் தெரியாத வீரராக மாற்றப்பட்டிருக்கலாம்' என்பதும் உண்டு. எலும்பு வந்து சேர்ந்தது, யாருடையது என்று தெரியவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். இந்த மூன்று வரிகளுக்குள்ள வேறுபாடு தெரியாமல் ரஷ்யா வரை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

தம்பியின் மாமனாருடைய மாமனார், அதாவது அந்த அம்மாளின் தந்தை... உறவுமுறையை எழுதவே மூச்சு வாங்குகிறது. அவர் பெயர் ர்ஷேவ் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அவர் ர்ஷேவில் இறக்கவில்லை. வயிற்றில் காயத்தோடு ரயில் பாதை வழியே தெற்கே சிச்சோவ்கா என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறார். மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, கள மருத்துவமனையில் இறந்திருக்கிறார். அங்கேயே புதைத்தார்கள். சங்கத்தின் குறிப்பு இரண்டாம் வகை: இன்னும் மாற்றப்படவில்லை.

இனி அடையாள வில்லை. இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். நீள்வட்டத் தகடு, நடுவில் துளைக்கோடு, இரு பாதியிலும் ஒரே பொறிப்பு. அதில் பெயர் இராது. பிரிவு, எண், பெரும்பாலும் ரத்த வகை மட்டுமே இருக்கும். அந்தப் பிரிவும் வில்லையைக் கொடுத்த பிரிவுதான்; இறந்தபோது இருந்த பிரிவு என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் இறந்தால் கீழ்ப்பாதியை ஒடித்து அனுப்புவார்கள், மேல்பாதி உடலோடு போகும். எனவே தோண்டும்போது பாதி வில்லை கிடைத்தால், புதைக்க ஆள் இருந்தது, பதிவும் இருக்கக்கூடும். முழு வில்லை கிடைத்தால், ஒடிக்கக்கூட யாரும் இல்லை என்று தெரிகிறது. காணாமற்போனோர் பட்டியலில் உள்ள ஒருவரை மீட்கக்கூடிய ஒரே பொருள் பெரும்பாலும் அந்த முழு வில்லைதான். அதை உலோகங்காட்டிக் கருவியோடு காட்டில் திரிகிறவர்கள் எடுத்து விற்கிறார்கள், சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். எலும்பு மண்ணுக்குள், எண் ஒருவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள். பிறகு எந்தக் காப்பகத்தாலும் அவற்றைச் சேர்க்க முடியாது. பழம்பொருள் சந்தையில் பார்த்தால் வாங்காதீர்கள். எண்ணைக் குறித்துச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. குடும்ப மர வரைபடங்களில் 1945 டிசம்பர் 31 என்று இறந்த நாள் போட்டிருந்தால் நம்பாதீர்கள். காணாமற்போனவர்களை நீதிமன்றங்கள் பிற்பாடு இறந்தவராக அறிவித்தபோது சட்டம் வைத்துக்கொண்ட நாள் அது. மனைவிக்கு ஓய்வூதியமோ மறுமணமோ தேவைப்பட்டபோது அந்த அறிவிப்பை வாங்கியிருப்பார்கள். அந்தத் தேதிக்கும் மனிதர் இறந்ததற்கும் தொடர்பில்லை.

கள அஞ்சல் எண் என்ற ஐந்திலக்க எண் உறைகளில் இருக்கும். அதை வைத்துப் பிரிவைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரு பிரிவு அழிந்தபின் அதே எண்ணை இன்னொரு பிரிவுக்குக் கொடுத்ததும் உண்டு. அஞ்சல் முத்திரைத் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். ஊர்ப் பெயர்கள் இன்னும் தலைவலி. காதில் விழுந்தபடி ஜெர்மானிய எழுத்தில் எழுதியவை அவை. இவானோவ்கா என்ற பெயரில் மட்டும் எத்தனை ஊர்கள்! கடிதங்களின் கையெழுத்தும் 1941-க்குப் பிறகு பள்ளிகளில் கைவிடப்பட்ட பழைய வகை. பேரப்பிள்ளைகளே வாசிக்கத் திணறுவார்கள், நாம் தாத்தா காலத்து நிலப்பத்திரத்தோடு மல்லுக்கட்டுவது போல.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று கேட்டுவிடுவேன். பிரிவின் பெயர் தெரிந்துவிட்டால், ஃபிரைபுர்கில் உள்ள ராணுவக் காப்பகத்தில் அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். அதில் கிராமங்களை எரித்த கணக்கும் இருக்கக்கூடும். கல்லறையைத் தேடி வந்தவர்களுக்கு அந்தப் பக்கமும் காட்டவா வேண்டாமா? சிலர் வேண்டாம் என்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அன்பான அப்பா என்று மட்டும் எழுதித்தாருங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுவேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் காட்டச் சொன்னார்.

ஊர் நினைவுத் தூணில் பெயர் இருக்கிறதே என்று சிலர் மனம் ஆறுவார்கள். நம் நடுகல்லைப் போலத்தான் அதுவும்: பெயரைத் தாங்கும், அடியில் உடல் இருக்க வேண்டும் என்பதில்லை. உடல் கிடைத்து, போர்க்கல்லறையில் இடம் பெற்றுவிட்டால் அது நிரந்தரம். ஜெர்மனியில் சாதாரணக் கல்லறைகளைக் குத்தகைக் காலம் முடிந்ததும் அகற்றிவிடுவார்கள். போரில் இறந்தவர்களின் கல்லறைக்கு மட்டும் காலவரை கிடையாது, சட்டமே அப்படி.

அந்த அம்மாள் பயணம் போகவில்லை. சிச்சோவ்காவின் வரைபடத்தை அச்செடுத்துக் கேட்டார், கொடுத்தேன். இத்தனை ஆண்டுகளாக ஆகஸ்ட் 11 அன்று ஜன்னலோரம் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவது அவர் வழக்கம். தேதி தவறு என்று தெரிந்த ஆண்டு என்ன செய்தார் என்று தம்பியிடம் கேட்டேன். பதினொன்றாம் தேதி ஏற்றினாராம். பதினான்காம் தேதியும் ஏற்றினாராம்.