சாப்பிடாமலே எடை ஏறினால்: இதயச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பசியும் உடம்பும்

பைபாஸோ வால்வு மாற்றமோ செய்துகொண்டு கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "சாப்பிடுறாங்களா?" என்றுதான். அடுத்தது, "என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டாங்க?" நுவரெலியா மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக்கில் நான் தாதியாக இருக்கிறேன். ஒபரேஷன் முடிந்து வருகிறவர்களின் எடையைக் கொப்பியில் எழுதுவதும், கூட வரும் மகளிடமோ மருமகளிடமோ சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பதும் என் வேலை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு ஆறுதலாகப் பதில் சொல்லிவிடலாம். யாருமே கேட்காத ஒரு கேள்விதான் எனக்குக் கவலை: சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் எடை ஏறுகிறதே, அது எப்படி?

வால்வு மாற்றிய ஓர் அம்மாவை மருமகள் கூட்டி வந்திருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "மிஸ், அம்மா தேறிட்டாங்க. மூஞ்செல்லாம் பூரிச்சு வந்துருக்கு, கால்ல கூட சதை புடிச்சிருக்கு பாருங்க." தராசில் ஏற்றினேன். முந்தைய கிளினிக்கைவிட மூன்று கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "அரைக் கோப்பை கஞ்சி, ரெண்டு பிஸ்கட். அதுக்கு மேல வேணாங்கிறாங்க." அரைக் கோப்பைக் கஞ்சியில் மூன்று கிலோ சதை எப்படி வரும்? முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம், இடுப்பில் பாவாடை நாடா வெட்டிய தடம். இரவில் எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டபோது, "படுக்கவே முடியல மிஸ், செவத்துல சாஞ்சுதான் உக்காந்திருக்கேன்" என்றார். டொக்டர் அன்றைக்கே வார்டில் சேர்த்தார். மருந்தில் தண்ணீர் இறங்க இறங்க எடை குறைந்தது. பசியும் தானாகவே திரும்பி வந்தது.

எடை குறையப் பசி திரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. இதயம் இரத்தத்தைப் போதிய அளவு வெளியே தள்ளாதபோது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் காலில் மட்டும் நிற்பதில்லை. நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு வாங்கும். ஈரலும் குடலின் சுவரும்கூட வீங்கும். அப்போது இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், குமட்டும். ஆக, பசி போனதும் எடை ஏறியதும் ஒரே காரணத்தால் வந்தவை. வீட்டில் இருக்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள், மற்றதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

ஒரு லீற்றர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் வந்ததாக இருக்காது. அடுத்த கிளினிக் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்சுக்குக் காசு இல்லை. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். லயத்திலிருந்து ரோட்டுக்குப் படி இறங்க வேண்டுமென்றால் அவரை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். கதிரையில் உட்கார வைத்தே தூக்கிக்கொண்டு போங்கள். மூச்சு முட்டுகிறவரைப் படுக்க வைத்துத் தூக்கினால் இன்னும் முட்டும்.

பைபாஸுக்காகக் காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்திருந்தால் அந்த ஒரு காலில் சில வாரம் வீக்கம் இருப்பது வழக்கம்தான். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் குறையும். கெண்டைக்கால் சிவந்து வலித்தாலோ, இரண்டு காலும் சேர்ந்து வீங்கினாலோ காட்ட வேண்டும்.

தண்ணி மாத்திரை என்று எல்லோரும் சொல்லும் ஃபுரோசமைட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக் நாளில் அதை விழுங்காமல் வருகிறவர்கள் பலர். எனக்கு அவர்கள் மேல் கோபமே வருவதில்லை. மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ பஸ் ஏறி, வளைவு வளைவாக இறங்கிக் கண்டிக்குப் போகிற பெண், அந்த மாத்திரையால் சிறுநீர் முட்டினால் நடுவழியில் எங்கே இறங்கிப் போவார்? ஆனால் கிளினிக்குக்கு ஒரு நாள், மகள் வீட்டுக்கு ஒரு நாள், கோயிலுக்கு ஒரு நாள் என்று விட்டால் தண்ணீர் சேர்ந்துவிடும். பயண நாளில் அதை எத்தனை மணிக்குப் போடலாம் என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நேரத்தை மாற்றித் தருவார். அதேபோல், நெஞ்சுத் தையல் வலிக்கிறது என்று பாமசியில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். அவையும் உடம்பில் தண்ணீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை குடிப்பவருக்கு இரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

சரி, எடை பார்ப்பது எப்படி? காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கும் முன், ஒரே மாதிரி உடுப்போடு. நம் பக்கத்துக் குளிரில் இந்த உடுப்பு விஷயம் சின்னதல்ல. ஒரு நாள் நைட்டியோடும், மறுநாள் ஸ்வெட்டர், சால்வை, காலுறையோடும் ஏறினால் தராசு ஒரு கிலோ வித்தியாசம் காட்டிவிடும். லயக் காம்பராவின் தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் தராசுக்குக் கீழே சமமான பலகை ஒன்றைப் போடுங்கள். வீட்டில் தராசு இல்லாதவர்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ, கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் நடத்தும் மிட்வைஃபிடமோ கேட்டு, எப்போதும் ஒரே தராசில் பாருங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு தடவையாவது. இடைப்பட்ட நாட்களில் மெட்டி இறுகுகிறதா, செருப்பு வார் பதிகிறதா, தலையணை ஒன்று கூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எடையைத் தேதியோடு எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஸ்கூல் போகிற பேரப்பிள்ளை எழுதித் தருவான்.

இனி, எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஒபரேஷனுக்குப் பிறகு பசி குறைவது மிக மிகச் சாதாரணம். மயக்க மருந்து, வலி மருந்து, மலச்சிக்கல், உடம்பு காயத்தை ஆற்றப் படும் பாடு எல்லாம் சேர்ந்து பசியை அடக்கிவிடும். நாக்கில் இரும்பை வைத்த மாதிரி இருக்கிறது, தாளிக்கிற வாசமே பிடிக்கவில்லை என்பார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் எடுக்கும். இந்த நாட்களில் சில கிலோ குறைவதும் வழக்கம்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றிய திரவம் வெளியேறுகிறது, படுத்தே இருந்ததில் தசையும் கரைகிறது. ஆனால் பசி திரும்பி வந்தபின் மறுபடி போனால் காரணம் தேட வேண்டும். இதயத் துடிப்புக்காகத் தரும் டிகொக்சின், அமியோடரோன் போன்ற மாத்திரைகளும் பசியைக் கெடுக்கும். காய்ச்சல் இருந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, நெஞ்செலும்பு அசைவில் 'டிக்' என்று சத்தம் கேட்டாலோ அன்றே வாருங்கள்.

நீரிழிவுக்காரர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்க, இன்சுலினோ மாத்திரையோ பழைய அளவிலேயே போனால் சீனி சட்டென்று இறங்கி வியர்த்து மயங்கிவிடுவார்கள். சாப்பாடு குறைந்த அன்றே மருந்து அளவை டொக்டரிடம் கேளுங்கள்.

எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம் பத்தியம். முட்டை புண்ணுக்கு ஆகாது, மீன் ஆகாது, பருப்பு வாயு, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, கஞ்சியும் ரஸ்க்கும் மேரி பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அறுத்த நெஞ்சு கூடுவதற்கும் கரைந்த தசை திரும்புவதற்கும் புரதம் வேண்டும். இந்தக் காலத்தில் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.2 கிராமிலிருந்து 1.5 கிராம் வரை ஒரு நாளைக்குத் தேவை. 50 கிலோ உள்ள ஒருவருக்கு 60 கிராமாவது வர வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. கஞ்சியை வைத்து அந்தக் கணக்கை எட்டவே முடியாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டு நிறையச் சோறு போட்டு முன்னால் உட்கார்ந்து "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றால் பார்த்ததுமே ஓங்கரிக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதிலேயே பாசிப்பயறு போடுங்கள், இறக்கும்போது ஒரு முட்டையை உடைத்துக் கலக்குங்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பலுக்குப் பதில் கெட்டியான பருப்பு. பசும்பால் கிடைக்கும் வீட்டில் தயிர். கொண்டைக்கடலை அவித்தது. தாளிக்கும் வாசம் பிடிக்காதவருக்கு ஆறிய சாப்பாடு சுலபமாக இறங்கும். தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விட்டால் நாக்கு கொஞ்சம் விழித்துக்கொள்ளும். வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும் திரிபோஷா சத்துமாவை எடுத்து இவருக்குக் கரைத்துக் கொடுக்காதீர்கள், அது அந்தக் குழந்தைக்கு வேண்டும்.

தேத்தண்ணியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நிறுத்தவும் மாட்டீர்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய கோப்பைச் சாயத்தண்ணி குடித்தால் இருக்கிற கொஞ்சப் பசியும் அடங்கிவிடும். சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒபரேஷனுக்குப் பிறகு இரத்தக் குறைவு பலருக்கும் இருக்கும், அதனால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குடிக்கும் அளவை டொக்டர் கட்டுப்படுத்தியிருந்தால் தேத்தண்ணி, கஞ்சித் தண்ணி, சூப் எல்லாமே அந்தக் கணக்கில் வரும்.

வாய் கசக்கிறது என்பதற்காகக் கருவாடும் ஊறுகாயும் சூப் கட்டியும் கொடுப்பது நம்மிடம் வழக்கம். அங்கேதான் உப்பு ஏறுகிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதற்குள் நிற்க வேண்டும். ரொட்டி மாவில் போடுவதும் இதில் சேரும். நெத்தலி வேண்டுமென்றால் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

செயற்கை வால்வு வைத்து வார்ஃபரின் குடிப்பவர்களிடம் கீரையே சாப்பிடக்கூடாது என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். வல்லாரையும் முருங்கைக் கீரையும் கோவாவும் விளைகிற இடத்தில் அது தேவையில்லாத தண்டனை. ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்று தாவாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும், மருந்தை அதற்கேற்ப டொக்டர் சரிசெய்வார். இதில் பலர் கவனிக்காத ஒன்று: பசியில்லாமல் சில நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் வார்ஃபரினின் வேகம் கூடிவிடும். ஈறில் இரத்தம், கறுப்பாக மலம், அடிபடாமலே கன்றிய தோல் என்று ஏதாவது தெரிந்தால் இரத்தப் பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

பசி முழுதாகத் திரும்பியபின் எடை மெல்ல மெல்ல ஏறுவது வேறு கதை. அது தண்ணீர் அல்ல, கொழுப்பு. பைபாஸ் செய்தவர்களுக்கு இதைத்தான் அதிகம் சொல்கிறோம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்றிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீனி போட்ட தேத்தண்ணியைக் குறைப்பதும், முதலில் லயத்து வாசலிலும் பிறகு சமமான ரோட்டிலும் தினமும் நடப்பதும், ஏற்றத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதும் போதும். நெஞ்செலும்பு நன்றாகச் சேர ஏறத்தாழ 3 மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்க வேண்டாம். கொழுந்து எடுக்க எப்போது போகலாம் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும், கங்காணி அல்ல.

கடைசியாக, மனம். வீட்டில் எல்லோரும் காலையில் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போனபின், காம்பராவில் ஒருவர் மட்டும் இருக்கிறார். அடுப்படியில் மூடிவைத்த சாப்பாடு சாயந்தரம் வரை தொடாமல் கிடக்கிறது. கேட்டால் "வயித்துக்கு ஒத்துக்கல" என்பார். இதயச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மனச்சோர்வு வருவது நிறையப் பேருக்கு நடக்கிறது. அது முதலில் சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான் தெரியும். அதற்கு மருத்துவம் உண்டு, குணமாகும். ஒரு வேளையாவது அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், தூங்காமல், அழுதுகொண்டோ பேசாமலோ இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். "செத்தா தேவல" என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடாமல் அன்றே கூட்டி வாருங்கள். அவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் தாதியிடம் தனியாகச் சொல்லலாம். டொக்டர் அவரைக் கூப்பிடும் முன்பே நாங்கள் தெரியப்படுத்திவிடுவோம்.