யூட்ரோஃபிகேஷன்: தமிழில் மிகையூட்டம்

நீர்நிலையில் சத்து அளவு மீறிச் சேர்ந்து பாசி பெருகுவதுதான் யூட்ரோஃபிகேஷன். கிரேக்கத்தில் ‘யூ’ என்றால் நல்ல. ‘ட்ரோஃபே’ என்றால் ஊட்டம். நன்றாக உண்டு வளர்ந்தது என்று பொருள். 1907இல் வெபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலர் சத்து மிகுந்த சதுப்பு மண்ணை இந்தச் சொல்லால் குறித்தார். சுவீடனின் ஐனார் நௌமன் அதை ஏரிகளுக்குக் கொண்டுவந்தார். கேடு என்ற வாடை பிறகுதான் ஏறியது.

இலங்கைப் பாடநூல்களில் இது நற்போசணையாக்கம். மூலத்துக்கு உண்மையான பெயர்ப்புதான், ஆனால் கேட்டவுடன் ஏரிக்கு ஏதோ நல்லது நடக்கிறது என்றல்லவா தோன்றுகிறது! மிகையூட்டம் என்பதே எனக்குப் பிடித்தது. வயலில் பயிரை வளர்க்கும் அதே பாஸ்பரஸ்தான் ஏரியில் அளவு மீறிப் பாசியை வளர்க்கிறது.

இதைத் தூர்தலோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. வண்டல் படிந்து நீர்நிலை ஆழம் குறைவது தூர்தல். இரண்டுக்கும் காரணமான வண்டலும் சத்தும் பெரும்பாலும் நிலத்திலிருந்து அடித்து வரப்படுபவைதான். மண்துகளில் ஒட்டிக்கொண்டும் பாஸ்பரஸ் வருவதால் குழப்பம் இயல்பே. ஆனாலும் வேறு வேறு.

வட அமெரிக்காவின் ஈரி ஏரியைப் பாருங்கள். அதில் விழும் மௌமி ஆற்றுப்படுகையில் முன்பு பெரும் சதுப்புக்காடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதை வடித்து வயலாக்கினார்கள். மண்ணுக்கடியில் வடிகுழாய்கள் பதித்தார்கள். சதுப்பில் தங்கி வடிகட்டப்பட்ட நீர் இப்போது குழாய் வழியே நேராக ஆற்றுக்குப் போகிறது.

1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டுக் கழிவுநீர் பாஸ்பரஸைக் குறைத்தன. ஏரி தேறியது. அப்புறம் மண் அரிப்பைத் தடுக்கப் பல விவசாயிகள் உழவையே குறைத்தார்கள். மண் தங்கியது, சரி. ஆனால் மேலே தூவிய உரம் மண்ணோடு கலக்காமல் மேற்பரப்பிலேயே சேர்ந்து, மழையில் கரைந்து, வடிகுழாயில் இறங்கியது. இதோடு வேறு காரணங்களும் சேர்ந்து, 1990களின் நடுவிலிருந்து ஆற்றில் கரைந்த பாஸ்பரஸ் கூடியது. மண்துகளோடு வருவதைவிட இதைப் பாசி எளிதாக எடுத்துக்கொள்ளும்.

2014 ஆகஸ்டில், ஈரி ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் டொலிடோ நகரின் குழாய்நீரில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்தது. சுமார் 4 லட்சம் பேர் இரண்டு நாளுக்கும் மேலாகக் குழாய்நீரைக் குடிக்க முடியவில்லை. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.