வெட்டிவேர் தண்ணீருக்குள் மூச்சுவிடும் விதம்

நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டாகத் தொங்கும் வெட்டிவேரைப் பார்த்தால், அது நீர்க்கரையில் பிறந்த புல் என்று தோன்றாது. ஆற்றங்கரை, ஓடை, சதுப்பு ஆகியவைதான் அதன் சொந்த இடம். நெல்லும் கரும்பும் சேர்ந்த அதே புல் குடும்பம். உலகம் முழுக்க வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரும் தமிழிலிருந்து போனதே.

தடித்த பச்சை வேர் ஒன்றைப் பிளேடால் குறுக்கே மெல்லிய வில்லையாகச் சீவி லென்ஸில் பாருங்கள். நடுவில் வேரின் கெட்டியான மையப்பகுதி, அதைச் சுற்றி வண்டிச்சக்கரத்து ஆரக்கால்கள்போல மெல்லிய சுவர்கள், சுவர்களுக்கு இடையே வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் காற்றுக்குழாய். தண்ணீர் நின்ற மண்ணில் ஆக்சிஜன், காற்றில் நகர்வதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாக நகரும். சாதாரணச் செடியின் வேர் அங்கே மூச்சுமுட்டி அழுகிவிடும். வெட்டிவேரோ இலை வழியாக வாங்கிய காற்றைத் தூர் வழியாக வேருக்கு இறக்குகிறது. நுனிப் பக்கம் கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்குவதால், கரிய சேற்றிலிருந்து பிடுங்கிய வேரின்மேல் செம்பழுப்புப் பூச்சு தெரியும்.

ஆகவே வெள்ளம் வரும் பருவத்துக்குச் சற்று முன்னால் இலையை ஒட்ட அறுக்கவே கூடாது. அறுத்த தாள் தண்ணீருக்கடியில் போனால் காற்று நுழையும் வாசலே அடைபட்டுவிடும்.

தண்ணீரில் பிழைப்பது வேறு, நல்ல வேர் தருவது வேறு. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். வடிகாலுள்ள இளகிய மண்ணில் வேர் ஓராண்டிலேயே 3 மீட்டர் வரை நேராக இறங்கும். நீர்மட்டம் எப்போதும் மேலேயே இருந்தால் அவ்வளவு ஆழம் போகாது. வேருக்காக வளர்ப்பவர்களுக்குக் கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணல்போல, நீர் பாயவும் வடியவும் கூடிய நிலமே ஏற்றது. களிமண்ணில் வேர் வளர்ந்தாலும், தோண்டும்போது பாதி அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவது மிக அரிது. விதை என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். ஒரு நாற்றில் 2 அல்லது 3 தாள் இருக்கட்டும். இலையை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள், வேரை 8 முதல் 10 செ.மீ. விட்டு நறுக்குங்கள். நீளமான வேரை மடக்கிக் குழியில் திணித்தால் புது வேர் பிடிக்கத் தாமதமாகும். நடும்வரை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். கரை மண் அரிக்காமல் பிடித்து நிறுத்த 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஒரே வரிசை, வேருக்காக என்றால் 45 செ.மீ.க்கு 30 செ.மீ. தாளும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே தெரிந்தால் காய்ந்துவிடும், ஆழப் புதைத்தால் அழுகும்.

வேர் பிடிக்கும்வரை ஈரம் அவசியம். பிறகு வறட்சியைத் தாங்கும் இந்தப் புல், முதல் சில வாரம் மட்டும் தாங்காது. அதேபோல் புதிதாக நட்டது முழுக்க மூழ்கினாலும் செத்துவிடும். முதல் 3 மாதம் களையெடுங்கள். மாடு கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், இளம் இலை அவற்றுக்குப் பிடிக்கும்.

நட்ட வரிசை ஓரிடத்தில் மட்டும் மெலிந்து இடைவெளி விழுந்தால், மண்ணைக் கிளறும் முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பெரும்பாலும் மரநிழல்தான் காரணம். முழு வெயில் இல்லாமல் வெட்டிவேர் தூர் கட்டாது. உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

வேர் 12 முதல் 14 மாதத்தில் எடுக்கலாம். முதல் நாளே நீர் பாய்ச்சி மண்ணை இளக்கிவிட்டு, தூரைச் சுற்றித் தோண்டுங்கள். வேரை நறுக்கியபின் மிஞ்சும் தூரை அன்றைக்கே பிரித்து நட்டால் அடுத்த பயிருக்கு நாற்று வாங்க வேண்டியதில்லை.